ஆறு பவுன் கண்ணாடி: பெரியப்பா பதில்கள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வானத்தைப் பற்றி. பாத்திரம் தட்டும் சத்தமும் தையல் மெஷின் சத்தமும் ஓயாத ஊரிலிருந்து இத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறீங்க. பெரியப்பாவுக்கு இதுதான் தீபாவளி. வாங்க, ஒவ்வொண்ணா உடைப்போம்.

டீக்கடைக்காரர், அனுப்பர்பாளையம்
கேள்வி: நாசா தளத்தில் தினமும் ஒரு வானியல் படம் வருது. அதை பிரிண்ட் எடுத்துக் கடைப் பலகையில் ஒட்டுறேன். பத்து நாளாச்சு, வடையைப் பார்க்கிறவர் வானத்தைப் பார்க்கலை. நிறுத்திடட்டுமா?
பதில்: நிறுத்தாதீங்க. ராபர்ட் நெமிரோஃப், ஜெர்ரி பானல் என்ற இரண்டு வானியலாளர்கள் 1995 ஜூன் 16 அன்று அந்தத் தளத்தில் முதல் படத்தைப் போட்டாங்க. அன்னிக்குப் பக்கம் திறக்கப்பட்டது மொத்தம் 14 தடவை. மறுநாள் கடையைச் சாத்தலை. அதனால்தான் இன்னிக்கு உங்க பலகை வரைக்கும் வந்திருக்கு. போணி மெதுவாத்தான் ஆகும். பலகையைத் துடைச்சு வைங்க.

கல்லூரி மாணவி, திருமுருகன்பூண்டி
கேள்வி: அந்த முதல் படம் என்ன? நிலாவா, சனியா?
பதில்: நம்ம பூமி! ஆனா நிஜப் பூமி இல்லை. நியூட்ரான் நட்சத்திரம் அளவுக்குப் பூமியை அமுக்கினால் எப்படித் தெரியும் என்று கம்ப்யூட்டரில் வரைஞ்ச படம். ஈர்ப்பு அவ்வளவு கூடினால் பின்னால் இருக்கிற நட்சத்திர ஒளியே வளைஞ்சு தெரியும். முதல் நாளே ‘இப்படி இருந்தால்?’ என்று கேட்டுட்டாங்க. அந்தக் கேள்விதான் இத்தனை வருஷமா வண்டியை ஓட்டுது.

பனியன் கம்பெனி மேனேஜர், பெருமாநல்லூர்
கேள்வி: தினம் ஒரு வானப்படம் என்பதே அமெரிக்காக்காரர் யோசனைதானே?
பதில்: இணையத்தில் போட்டது அவங்க. தினமும் எடுத்து வைக்கிறது நம்ம கொடைக்கானல். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் அது. 1904 முதல் வானம் தெளிவா இருக்கிற நாளெல்லாம் சூரியனைப் படம் பிடிச்சு வெச்சிருக்காங்க. கண்ணாடித் தகடு, ஃபிலிம், இப்போ டிஜிட்டல். உலகத்திலேயே இவ்வளவு நீளமான சூரிய ஆல்பம் வெகு சில இடத்தில்தான். நாம கொடைக்கானலில் எடுத்தது போட்டிங் போட்டோ மட்டும்.

செக்கிங் தொழிலாளி, 15 வேலம்பாளையம்
கேள்வி: தினமும் அதே சூரியன்தானே? சலிக்காதா?
பதில்: ஆயிரமாவது பீஸையும் முதல் பீஸ் மாதிரியே திருப்பிப் பார்க்கறீங்களே, எதுக்கு? எதில் ஓட்டை, எதில் எண்ணெய்க் கறை என்று முன்கூட்டியே தெரியாது. சூரியனிலும் கறை வரும், போகும். சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். அந்தக் கறையில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாப் பாயுது என்பதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடிச்சது கொடைக்கானலில்தான். ஒருநாள் படம் அழகு. நூறு வருஷப் படம் ஆதாரம்.

ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை, அங்கேரிபாளையம்
கேள்வி: விண்வெளிப் படத்தில் இருக்கிற கலரெல்லாம் நிஜமா, பெயின்ட்டா?
பதில்: இந்தக் கேள்வியை நீங்க கேட்கலாமா? நாலு கலர் டிசைனுக்கு நாலு ஸ்க்ரீன் போடற ஆள் நீங்க! தொலைநோக்கியும் அதே வேலைதான் செய்யுது. காமிரா எடுக்கிறது கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் ஒரு படம். 1995-இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். மூணையும் ரிஜிஸ்டர் விலகாமல் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தினால் தூண் நிக்குது. கலர் பொய் இல்லை. எந்த வாயு எங்கே இருக்கு என்கிற கணக்கு. படத்தைப் பார்த்து மயங்குங்க, கீழே இருக்கிற குறிப்பைப் படிச்சுத் தெளியுங்க.

மெர்ச்சண்டைசர், திருப்பூர்
கேள்வி: அந்தப் படங்களை டி-ஷர்ட்டில் அடிக்கலாமா?
பதில்: நாசாவே எடுத்த படத்துக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. ஆனா நாசா சின்னத்தைப் போட அனுமதி வாங்கணும். தினப்படத்தில் நிறைய, தனி ஆட்கள் பனியில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க எடுத்தது. அது அவங்க சொத்து. படத்துக்குக் கீழே பேர் இருக்கும், கேட்டுட்டு அடிங்க. உங்க டிசைனைப் பக்கத்து கம்பெனி சுட்டால் எந்த வயிறு எரியுமோ, அதே வயிறுதான் அவருக்கும்.

நகைக்கடை ஊழியர், அவிநாசி
கேள்வி: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் தங்கக் கண்ணாடியாமே? எத்தனை கிலோ?
பதில்: கிலோவா! 48 கிராம் சொச்சம். உங்க கணக்கில் ஆறு பவுன். ஆறரை மீட்டர் அகலத்தில் 18 அறுகோணத் துண்டு, பெரிலியம் உலோகம். அதன் மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிசில் தங்கப்பூச்சு. அகச்சிவப்பு ஒளியைத் தங்கம் அருமையாத் திருப்பி அனுப்பும், அதுக்குத்தான். ஆறு பவுனில் 1,300 கோடி வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சத்தைப் பிடிச்சுட்டாங்க. நம்ம ஊரில் ஆறு பவுனுக்கு மாப்பிள்ளை வீடு முகம் கூடத் திருப்பாது.

பாலிஷ் பட்டறைத் தொழிலாளி, அனுப்பர்பாளையம்
கேள்வி: நாள் முழுக்க குண்டா தேய்க்கிறவன் நான். எனக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?
பதில்: ரத்த சம்பந்தம். அந்தக் காலத் தொலைநோக்கிக் கண்ணாடி, கண்ணாடியே இல்லை; செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்த உலோகம். உங்க தெருவுக்கு அத்துப்படியான ரெண்டு சரக்கு. வில்லியம் ஹெர்ஷல் என்ற இசைக் கலைஞர் வீட்டிலேயே வார்த்து, கையாலேயே தேய்ச்சார். ஒருமுறை 16 மணி நேரம் கையை எடுக்கலை. தங்கை கரோலின்தான் அவர் வாயில் ஊட்டிவிட்டார். அப்படித் தேய்ச்ச உலோகத்தில்தான் 1781-இல் யுரேனஸ் தெரிஞ்சது. ஊட்டிவிட்ட தங்கை பிற்பாடு தானே வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடிச்சார். இன்னிக்கு பாலிஷ் முடிஞ்சதும் ஒரு குழிக்கரண்டியின் உள்பக்கத்தைப் பாருங்க. உங்க முகம் தலைகீழாத் தெரியும். தொலைநோக்கியின் முதல் பாடம் உங்க கையில்தான் இருக்கு.

இல்லத்தரசி, ஆத்துப்பாளையம்
கேள்வி: தீபாவளி ராத்திரி இந்தியா ஜொலிக்கிற நாசா படம் வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் வருதே, எவ்வளவு அழகு!
பதில்: அழகுதான், தீபாவளிதான் இல்லை. 1992 முதல் 2003 வரை அமெரிக்க செயற்கைக்கோள்கள் சேர்த்த தகவலை ஒண்ணாக்கி, எந்த ஊரில் எப்போ விளக்கு கூடுச்சு என்று நிறம் பிரிச்சுக் காட்டிய படம் அது. பட்டாசும் அகல்விளக்கும் கூட்டுகிற வெளிச்சம் மேலேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத அளவு. இதை நாசாவே 2012-இல் சொல்லியாச்சு. நிஜப் படத்துக்குத் தேதி இருக்கும், எடுத்தவர் பேர் இருக்கும், விளக்கம் இருக்கும். ஃபார்வர்டுக்கு இருக்கிறது அம்புக்குறி மட்டும்.

ஓவர்லாக் டெய்லர், சாமுண்டிபுரம்
கேள்வி: 2019 கிரகணத்தன்னிக்கு மாமியார் கதவைப் பூட்டிட்டாங்க. நான் என்னத்தை இழந்தேன்?
பதில்: டிசம்பர் 26, காலை ஒன்பதரை வாக்கில் நம்ம ஊர் மேலேயே நெருப்பு வளையம். அதை நேராப் பார்க்கத் தனிக் கண்ணாடி வேணும். பெரியப்பா மொட்டை மாடியில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னு, பூந்திக் கரண்டியைத் தூக்கிப் பிடிச்சேன். தரையில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டிச் சூரியன்: முதலில் பிறை பிறையா, அப்புறம் வளையல் வளையலா. வேப்பமர நிழலிலும் அதேதான், இலைச் சந்தெல்லாம் வளையம். போனது போகட்டும். 2031 மே 21 அன்று தேனி, மதுரை பக்கம் அடுத்த வளையம். மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க. கிரகணக் கண்ணாடி ரெண்டு வாங்குங்க.

ஒரு தாய், ஊத்துக்குளி
கேள்வி: பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று வரன் தட்டிப்போகுது.
பதில்: 2014 செப்டம்பர் 24 அன்று நம்ம மங்கள்யான் விண்கலம் செவ்வாயைச் சுற்ற ஆரம்பிச்சது. முழுக்கோளையும் கலரில் படம் எடுத்து அனுப்புச்சு. துரு ஏறின மண், பள்ளத்தாக்கு, துருவத்தில் பனி. உங்க பெண் ஜாதகம் எங்கேயும் தென்படலை. அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டுங்க. அதைப் பார்த்து ரசிக்கிற பையன் வந்தால் பேசி முடிங்க.

எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் பிரிவு, காந்தி நகர்
கேள்வி: கருந்துளைப் படம் என்று 2019-இல் ஒண்ணு விட்டாங்களே, மங்கலான மெதுவடை! அதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?
பதில்: வடை இருக்கிற தூரம் சுமார் 5.5 கோடி ஒளியாண்டு. பூமி முழுக்கச் சிதறிக் கிடந்த எட்டு தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பார்த்து, பூமி அளவு தொலைநோக்கியா மாறினால்தான் அவ்வளவாவது தெரியும். தகவலை இணையத்தில் அனுப்ப முடியலை. ஹார்டு டிஸ்க்கா விமானத்தில் ஏத்தினாங்க. தென் துருவச் சரக்கு மட்டும் குளிர்காலம் முடிகிற வரைக்கும் நகரலை. ஷிப்மென்ட் தாமதம் என்றால் என்னன்னு உங்களுக்குச் சொல்லணுமா?

விசைத்தறி உரிமையாளர், பல்லடம்
கேள்வி: வானத்தைப் பார்த்தால் வயிறு நிறையுமா?
பதில்: நிறையாது. ஆனா ஆடிப்பட்டம் எப்போ என்று உங்க பாட்டனுக்குச் சொன்னது வானம். நாள், மாசம், வருஷம் எல்லாம் அங்கிருந்து வாங்கினதுதான். சனிக்கிழமைச் சம்பளத்துக்கே சனிக் கோள்தான் பேர் கொடுத்திருக்கு.

பிளஸ் டூ மாணவி, அனுப்பர்பாளையம்
கேள்வி: தினப்படத்தைப் பார்த்துப் பார்த்து வானியல் படிக்க ஆசை. ‘அதெல்லாம் பெரிய ஊர்ப் பிள்ளைங்களுக்கு’ என்கிறார் அப்பா.
பதில்: அப்பாகிட்ட மூணு ஊர்ப் பேர் மட்டும் சொல்லும்மா. கோதவாடி: பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம், சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. செங்கோட்டை: அரசுப் பெண்கள் பள்ளியில் படிச்ச நிகர் ஷாஜி, ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர். விழுப்புரம்: பாலிடெக்னிக்கில் தொடங்கிய வீரமுத்துவேல், சந்திரயான்-3 திட்ட இயக்குநர். நாலாவது ஊர்ப் பேரை நீ எழுது, பெரியப்பா இடம் விட்டு வெச்சிருக்கேன்.

லாரி ஓட்டுநர், அவிநாசி
கேள்வி: நிலா மண்ணை நாமக்கல்லில் எடுத்தாங்களாமே, கதையா?
பதில்: நிஜம். நிலாவின் மேட்டு நிலத்தில் இருக்கிற அனார்த்தசைட் பாறை, சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கமும் இருக்கு. அதை இடிச்சுப் பொடியாக்கித்தான் இஸ்ரோ தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் ஒத்திகை பார்த்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கினப்போ காலுக்கு அது பழகின மண். அடுத்த தடவை நாமக்கல் தாண்டும்போது ஹாரன் அடிக்காமல் மரியாதையாப் போங்க.

நைட் ஷிஃப்ட் தொழிலாளி, பி.என்.ரோடு
கேள்வி: படத்தில் கோடி நட்சத்திரம். வேலை முடிஞ்சு வெளியே வந்தால் எங்க ஊர் வானத்தில் பத்து கூட இல்லையே?
பதில்: நட்சத்திரம் அங்கேயேதான் இருக்கு, நம்ம வெளிச்சம்தான் மறைக்குது. இருட்டைத் தேடி ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போனார் வானியலாளர் வைணு பாப்பு. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குது, நம்ம நாட்டிலேயே செஞ்சது. கேட் விளக்குக்கு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பச் சொல்லுங்க முதலாளிகிட்ட. திருடனும் தரையில்தான் வருவான், வானத்திலிருந்து குதிக்க மாட்டான்.

தமிழாசிரியர், திருப்பூர்
கேள்வி: இதெல்லாம் இங்கிலீஷ் படிச்சவங்களுக்குத்தானே?
பதில்: சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடக்கப்போகுது என்று நம்ம நாட்டு மொழிகளில் மக்களுக்குச் சிறுநூல் எழுதினார். பிறகு பெ. நா. அப்புசாமி வாழ்நாள் முழுக்கத் தமிழில் அறிவியல் எழுதினார். தினப்படத்துக்குக் கீழே இருக்கிற நாலு வரியை உங்க வகுப்புப் பிள்ளைங்க தமிழில் எழுதட்டும். கட்டுரைப் பயிற்சிக்குத் தலைப்புப் பஞ்சமே இருக்காது.

ஆறாம் வகுப்பு மாணவன், வேலம்பாளையம்
கேள்வி: பெரியப்பா, என்கிட்ட டெலஸ்கோப் இல்லையே?
பதில்: நோட்டு இருக்கா? பென்சில்? போதும். இன்னிக்கிருந்து ஒரு மாசம் நிலாவை வரைஞ்சுட்டு வா. எத்தனை மணிக்குத் தெரிஞ்சது, எந்தப் பக்கம், எவ்வளவு பெரிசு. தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தாமதமா வரும்; ஷிஃப்டுக்கு லேட்டா வர்ற ஆள் நிலா. ஏன் லேட் என்று முப்பதாவது நாள் நீயே பெரியப்பாவுக்கு எழுது.

அதே டீக்கடைக்காரர், அனுப்பர்பாளையம் (ரெண்டாவது கடிதம்)
கேள்வி: நேத்து ஒரு பாத்திரக்காரர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ‘இது இங்கிருந்து எவ்வளவு தூரம்?’ என்று கேட்டார். எனக்குத் தெரியலை. அவமானமாப் போச்சு.
பதில்: அவமானமா? ‘தெரியலைங்க, பார்த்துச் சொல்றேன்’ என்று சொல்லி, மறக்காமல் பார்த்து, அடுத்த நாள் அவர் வந்ததும் சொல்லுங்க. கொடைக்கானலில் இத்தனை வருஷமா நடக்கிறதும் அதுதான். ஒரு மனுஷர் டீ குடிக்க வந்து கேள்வியோட திரும்பிப் போயிருக்கார்.

போணி ஆயிடுச்சுங்க!