விதைக்கு விட்ட காய்: ஒரு விரிவான ஆய்வு

வீட்டுத் தோட்டம் போட்டவர்கள் மண்கலவையைப் பற்றிப் பேசுவார்கள், மாவுப்பூச்சியைப் பற்றிப் பேசுவார்கள், பஞ்சகவ்யத்தில் எத்தனை பங்கு தண்ணீர் கலப்பது என்று சண்டையே போடுவார்கள். பறிக்காமல் தப்பிப்போன காயைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை. மாடியில் நாலு குரோ பேக் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் நடக்கிற இந்நிகழ்வு அறிஞர் உலகின் கண்ணில் படாமலே கிடப்பது வருந்தத்தக்கது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. களம்: சென்னைக்குத் தெற்கே, மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும் பணி ஓய்வுபெற்ற குடும்பத் தலைவரும் ஒருங்கே அமைந்த வீடுகள்.

முதலில் வரையறை. காயாக இருந்த நாளில் கண்ணில் படாமல், கண்ணில் பட்ட நாளில் காயாக இல்லாமல் போனது எதுவோ அதுவே தப்பிய காய். இனி நமது கருதுகோள்: வீட்டுத் தோட்டத்தில் எந்தக் காயும் தப்புவதே இல்லை. ஏனெனில் தப்பிய காய் கண்டுபிடிக்கப்படும் அதே நொடியில் அது விதைக்கு விட்ட காயாக மாறிவிடுகிறது. இந்த மாற்றத்துக்கு வெயிலும் வேண்டாம், உரமும் வேண்டாம். பார்த்துவிட்ட இன்னொரு மனிதர் இருந்தால் போதும்.

களத்தில் கிடைத்த உரையாடல் ஒன்று சான்றாகத் தரப்படுகிறது.

“என்னங்க, இது வெண்டைக்காயா, விறகா?”

“அதைத் தொடாதே. விதைக்கு விட்டிருக்கேன்.”

“நேத்து வரைக்கும் சொல்லவே இல்லையே?”

“எல்லாத்தையும் சொல்லிக்கிட்டேவா இருப்பாங்க?”

இங்கே கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மூச்சு விடும் நேரம்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேலும், இந்த வாதத்தை யாராலும் பொய்யென்று நிறுவ முடியாது. காயைப் பிளந்து பார்த்தால் உள்ளே விதை இருக்கத்தான் செய்கிறது.

வெண்டை

தப்பிப்பதில் வெண்டைக்கு நிகர் வெண்டையே. அதன் பூ வெளிர் மஞ்சள், நடுவில் அடர்சிவப்பு. காலையில் விரிந்து அன்று மாலைக்குள் சுருங்கிவிடும். வாடிய பூ பிஞ்சின் நுனியில் ஓரிரு நாள் ஒட்டிக்கொண்டிருந்து பிறகு விழும். பூத்த ஐந்தாறு நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடுகிறது. அதைத் தாண்டி மேலும் இரண்டு மூன்று நாள் விட்டால் நார் ஏறிவிடும். அதாவது, திங்கட்கிழமை பூவைப் பார்த்து ரசித்தவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் கத்தரிக்கோலோடு வந்தாக வேண்டும். அடுத்த புதன்கிழமை வந்து நுனியை ஒடித்தால் நறுக்கென்ற ஓசை கேட்காது. நுனி வளையும், வளைந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக நார் தெரியும். சந்தையில் இதே சோதனையைச் செய்தால் கடைக்காரம்மா கையைத் தட்டிவிடுவார். வீட்டில் தட்டிவிட ஆளில்லாததால் சோதனை எப்போதும் காலம் கடந்தே நடக்கிறது.

சரி, கண்ணில் ஏன் படவில்லை? இதற்கு ஒளியியல் விளக்கம் உண்டு. புடலையும் பீர்க்கையும் பந்தலுக்குக் கீழே தொங்குகின்றன. அண்ணாந்து பார்த்தால் அகப்பட்டுவிடும். வெண்டைக்காயோ இலைக்காம்பு சேரும் இடத்தில், தண்டை ஒட்டி, விறைப்பாக மேல்நோக்கி நிற்கிறது. நிறமும் தண்டின் நிறம். மேலே விரல் விரித்த பெரிய இலை. பார்ப்பவர் நிற்பதும் மேலே. இலையை ஒதுக்கிப் பார்க்கலாம்தான். ஒதுக்கினால் சுணை கையெல்லாம் அரிக்கும். ஆகவே அவர் குனியாமல், தொடாமல், எட்டி நின்று பார்த்துவிட்டு ‘இன்னைக்கு அவ்வளவுதான்’ என்று இறங்கிவிடுகிறார். அதுவும் தினமும் மாடிப்படிப் பக்கமிருந்தே நடந்து வருகிறார். அதே வரிசையைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து திரும்பி நடந்தால் இன்னும் இரண்டு காய் தட்டுப்படும். இது இவ்வாய்வின் ஒரே பயனுள்ள கண்டுபிடிப்பு; வாசகர்கள் காப்புரிமை கேட்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒரு காய் தப்பினால் என்ன குடியா மூழ்கிவிடும் என்று கேட்கலாம். செடியின் தரப்பையும் கேட்க வேண்டுமல்லவா? அது காய்ப்பதே விதைக்காக. ஒரு காயில் விதை முற்றத் தொடங்கிவிட்டால் செடியின் சத்து அந்தப் பக்கம் ஓடுகிறது. புதுப் பூ குறைகிறது. ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்துக்கொண்டே இருந்தால்தான் அது வேலை முடியவில்லை என்று எண்ணி மேலும் மேலும் பூக்கும். ஒரு காயை விதைக்கு விட்டதாக அறிவித்த வீட்டில் இரண்டு வாரம் கழித்து, ‘இந்த மண்ணுல சத்தே இல்லை’ என்று வேப்பம்புண்ணாக்கு வாங்கக் கிளம்புவதன் காரணம் இதுதான்.

பருவங்கள்

தப்பிய காய்களின் ஆண்டுக் கணக்கு ஆடியில் தொடங்குகிறது. ஆடிப்பெருக்கன்று விதைத்த வெண்டை ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளில், புரட்டாசி பிறக்கும் சமயத்தில், முதல் பறிப்புக்கு வரும். பாதி ஊர் அசைவத்தை விட்டிருக்கும் மாதம். வீட்டில் காய்க்குத் தட்டுப்பாடு, மாடியில் காய். எனவே புரட்டாசியில் கண்கள் கூர்மையாக இருக்கின்றன, தப்புவது அரிது.

ஐப்பசியில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாலு நாள் யாரும் மாடி ஏறுவதில்லை. போதாக்குறைக்குத் தீபாவளி. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மாடிக் கதவைத் திறந்தால், வெண்டை தடித்து நிற்கும், கொத்தவரை நாராகியிருக்கும், பாகல் ஆரஞ்சு நிறத்தில் பழுத்து வாய்பிளந்து உள்ளே செக்கச்செவேலென்று சதை மூடிய விதைகளைக் காட்டும். நுனியில் கல்லைக் கட்டி நேராக்கிய புடலை, கல்லோடு சேர்ந்து சிவந்து தொங்கும். அந்த ஒரு காலைப்பொழுதில் ‘விதைக்கு விட்டிருக்கேன்’ என்று சொல்லப்படும் விதைகளை எல்லாம் முளைக்க வைத்தால் செங்கல்பட்டு மாவட்டத்துக்கே காய் போடலாம்.

பழைய நாட்டு அவரைக்குப் பகல் குறுகினால்தான் பூக்கத் தோன்றும். மாதக்கணக்கில் கொடியாக மட்டுமே ஓடி ‘இது மலட்டுக்கொடி’ என்று திட்டு வாங்கிவிட்டு, கார்த்திகை மார்கழியில் திடீரென்று கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளும். பொங்கல் கூட்டுக்குப் போக மிஞ்சியது அண்டை அயலுக்கு. இங்கே ஒரு துணை விதி: அண்டை வீட்டுக்குக் கொடுக்கப்படும் அவரை, நம் வீட்டில் சமைக்கும் அவரையைவிட எப்போதும் ஒரு வயது மூத்தது. ‘மருந்தே அடிக்காதது’ என்ற அடைமொழி அந்த வித்தியாசத்தை ஈடுசெய்கிறது. முள்ளங்கி மண்ணுக்குள் இருப்பதால் எப்போது முற்றியது என்று யாருக்கும் தெரியாது. பூத்த பிறகே தெரியும். சித்திரையில் தக்காளி வெயில் தாங்காமல் பூவை உதிர்க்கிறது. காயே இல்லாததால் எதுவும் தப்புவதில்லை. தோட்டக்காரர் மனநிம்மதியோடு இருக்கும் ஒரே மாதம்.

தப்பியும் கெளரவம் பெற்றவை

எல்லாக் காய்களையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல. தப்பிய பீர்க்கு கொடியிலேயே காய்ந்து உடம்பு தேய்க்கும் நாராகிறது. சுரை இன்னும் மேல். ஓடு இறுகிய சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய தலைமுறைகள் உண்டு. தஞ்சாவூர் வீணையின் தண்டுக்குக் கீழே இருக்கும் இரண்டாவது குடமே ஒரு காலத்தில் சுரைக்குடுக்கைதான். பறிக்க மறந்த ஒரு காய் கச்சேரி மேடை வரை போயிருக்கிறது. வெண்டையால் இது முடியாது. முற்றிய வெண்டையை வைத்து எந்த வாத்தியமும் செய்ய வழியில்லை.

எதிர்வாதம்

உண்மையாகவே விதைக்கு விட்டவர் ஒருவரும் இல்லையா? ஒருவர் இருந்தார். இன்றைய செக் நாட்டின் புர்னோ நகரத்து மடத்தில், கிரெகோர் மெண்டல் 1856 முதல் 1863 வரை பட்டாணி வளர்த்தார். மொத்தம் சுமார் 28,000 செடிகள். விதை உருண்டையா சுருக்கமா என்று எண்ணுவதற்காக அவர் காயை முற்றவே விட்டார்; முடிவுகள் 1866இல் அச்சேறின. நம் குடும்பத் தலைவர் தம்மை இந்த மரபில் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுவது இயல்பே. ஆனால் மெண்டல் விதைக்குமுன்னே முடிவெடுத்தார், எண்ணினார், எழுதி வைத்தார். நாம் இதில் எதையும் செய்வதில்லை.

அவர் கண்டுபிடித்த விதியே நமக்கு எதிராகவும் நிற்கிறது. பாக்கெட்டில் வாங்கியது ஒட்டுரக வீரிய விதையானால் அதன் அடுத்த தலைமுறை தாயைப் போல இராது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றின் காய் பருமன். வெண்டை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், பக்கத்துப் பையில் வேறு ரகம் இருந்தால் தேனீ சும்மா இருக்காது.

எப்படியாயினும் காய் செடியிலேயே காய்கிறது. பழுப்பேறி, விளிம்புகள் வழியே வெடித்து, கரும்சாம்பல் நிறத்தில் உருண்டை விதைகள் தெரிகின்றன. அவை உதிர்க்கப்பட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடப்படுகின்றன. பாட்டிலின் மேல் எதுவும் எழுதுவதில்லை, ‘எனக்குத் தெரியாதா?’

அடுத்த ஆடி பிறக்கிறது. குடும்பத் தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

“எங்கே போறீங்க?”

“விதைக் கடைக்கு. வெண்டை வாங்கணும்.”

“பாட்டில்ல வச்சிருக்கீங்களே?”

“அதுவா? அது போன வருஷத்து விதை. முளைக்குமோ என்னமோ.”

அவர் தெருமுனை திரும்புவதற்குள் பாட்டில் காலியாகி, கழுவப்பட்டு, வெந்தயம் நிரப்பப்பட்டுவிடுகிறது.