ஒடுக்கு விழாத டிங்கரிங்

வாங்க மாப்பிள்ளை, திண்ணையில உட்காருங்க. மோரைக் குடிச்சுப்போட்டு சித்தெ நேரம் இந்தக் கெழவன் பேச்சையும் கேளுங்க. பையனை லீவுக்கு இங்கே விட்டப்ப, ரோபோ வகுப்பு சர்ட்டிபிகேட்டையும் குடுத்து, கண்ணாடி போட்டு மாட்டச் சொல்லிட்டுப் போனீங்க. மாட்டிட்டேனுங்க, சாமி படத்துக்குப் பக்கத்துல. உங்க அத்தை தெனமும் அதுக்கும் சேர்த்தே சூடம் காட்டுறா.

அப்படி என்ன கண்ணு செஞ்சேன்னு பேரனைக் கேட்டேன். "கார் செஞ்சோம் அப்புச்சி, கறுப்புக் கோட்டுமேல தானா ஓடும்"னான். சரி, எங்கே அந்தக் கார்? "கழட்டிப் பெட்டியில போட்டு வாங்கிட்டாங்க. அடுத்த பேட்ச்சுக்கு வேணுமாம்." எப்படி ஓடுச்சு? "புத்தகத்துல படம் போட்டிருக்கும். அதுபடி மாட்டினா ஓடும்." நம்ம கோயில் தேர் எப்படி ஓடுதுன்னு கேட்டா, வடத்தைப் புடிச்சா ஓடும்னு சொல்ற மாட்ட. பதில்ல ஒரு குத்தமும் இல்லீங்க. அச்சாணின்னு ஒண்ணு இருக்கறதுதான் அதுல வரலை.

அப்பறம் அவன் பள்ளிக்கூடத்துல 'டிங்கரிங் லேப்' இருக்குதுன்னு நீங்க சொன்னப்ப எனக்கு ஒரே சந்தோசம். நம்ம பக்கம் டிங்கரிங்னா பட்டறையில லாரிக்கு ஒடுக்கு எடுக்கறது. பரவாயில்ல, படிக்கிற பசங்களுக்குச் சுத்தியல் புடிக்கச் சொல்லித் தர்றாங்கன்னு நெனச்சேன். ஆண்டு விழாவுக்கு வந்தப்ப எட்டிப் பார்த்தேன். வாசல்ல பெருசா போர்டு, அதுக்குக் கீழ அதைவிடப் பெருசா பூட்டு. பியூன் தம்பிகிட்டக் கேட்டேன். "பெரிய ஆபீசருங்க வந்தாத் தொறப்போமுங்க"ன்னான். சன்னல் வழியாப் பார்த்தா, 3டி பிரிண்டர்னு ஒண்ணு பாலிதீன் கவரோட நிக்குது. அதுமேல சந்தனம், குங்குமம், காஞ்ச பூச்சரம். ஆயுத பூஜைக்குப் போட்டதாம். வருசம் பூரா வேலை செஞ்ச கத்தி, கடப்பாரைக்குப் பொட்டு வெச்சு ஒரு நாள் லீவு குடுக்கறது நம்ம வழக்கம். வேலையே செய்யாத மிஷினுக்கு எதுக்குங்க லீவு?

அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரை நான் குறை சொல்லலை, மாப்பிள்ளை. அவருக்கு நாலு ரோசனை சொல்லிவிடுங்க. பூட்டுக்கு மாசம் ஒருக்கா எண்ணெய் போடச் சொல்லுங்க, துரு ஏறிடும். சாவியை லீவுல போன வாத்தியார்கிட்டக் குடுத்து வைக்கச் சொல்லுங்க, அதுதான் பத்திரம். பசங்க கண்ணுல திருப்புளி படக் கூடாது. ஒரு சென்சார் புகைஞ்சா அதை ஸ்டாக் புத்தகத்துல என்னன்னு எழுதறதுன்னு அவருக்கும் பயம் இருக்குமில்லீங்களா? எனக்குச் சிரிப்பு வந்தாலும் அந்தப் பயம் மட்டும் நெசமுங்க. ஒடைஞ்சதுக்குக் கணக்கு எழுத ஒரு பக்கத்தை ஒதுக்கி வெச்சாத்தான் வாத்தியார் பூட்டைத் தொறப்பார்.

சர்க்கார்ல நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க. 2016-ல ஆரம்பிச்ச இந்த அடல் டிங்கரிங் லேப் திட்டத்துல, ஒரு பள்ளிக்கூடத்துக்கு 20 லட்சம் வரைக்கும் ஒதுக்கறாங்க. 10 லட்சம் சாமான் வாங்க, மிச்சம் 5 வருசம் நடத்த. 6-ம் வகுப்புல இருந்து 12 வரைக்கும் பசங்க கையால செஞ்சு பழகணும்னுதான் ஏற்பாடு. இந்தியா பூரா 10,000 பள்ளிக்கூடத்துல வந்தாச்சு. அரசுப் பள்ளிகள்ல இன்னும் 50,000 வைப்போம்னு 2025 பட்ஜெட்டுல சொல்லியிருக்காங்க. அத்தனைக்கும் பூட்டு செய்யற திண்டுக்கல்காரங்களுக்கு நல்ல காலம்.

இப்ப நம்ம வீட்டுச் சங்கதிக்கு வர்றேன். எதுத்த வீட்டுப் புள்ளை, ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஏழாவது. அங்கே வானவில் மன்றம்னு ஒண்ணு, 2022 நவம்பர்ல திருச்சியில தொடங்கி வெச்சது. ஆறு, ஏழு, எட்டு படிக்கிற அரசுப் பள்ளிப் பசங்களுக்கு. கருத்தாளர்னு ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல சாமானை வெச்சுக்கிட்டு வருது, வகுப்புல பசங்களையே சோதனை செய்ய விடுது. பூட்டு வாங்கக் காசில்லாத லேப்புங்க அது. அந்தப் புள்ளை நம்ம திண்ணையில உட்கார்ந்து ஒரு மோட்டார் செஞ்சுது. ஒரு பேட்டரி செல்லு, ரெண்டு ஊக்கு, ஊக்கை இறுக்கிப் புடிக்க சைக்கிள் டியூப்ல வெட்டின வளையம், எனாமல் கம்பியில பத்துச் சுத்துச் சுத்தின ஒரு காயில், அடியில காந்தம். கிறுகிறுன்னு சுத்துது!

நம்மாளுக்கு ரோசம். அவனும் செஞ்சான். காந்தம் எங்கே கிடைச்சதுன்னு இப்பக் கேட்காதீங்க, அப்பறம் சொல்றேன். காயில் துடிக்குது, சுத்த மாட்டேங்குது. "கிட் சரியில்லை அப்புச்சி, மாத்தித் தரச் சொல்லணும்"னான். நாப்பது வருசமா பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டினவன் நான். வாயைத் திறக்கலையே! பாக்கை மென்னுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டு மணி நேரம். சோத்துக்குக் கூப்பிட்டாலும் வரலை. கடைசியில அந்தப் புள்ளையோட காயிலைக் கையில வாங்கிப் பார்த்தான். இவன் ரெண்டு முனையிலயும் எனாமலைச் சுத்தமாச் சுரண்டி எடுத்திருக்கான். அவ ஒரு முனையில பாதிப் பக்கம் மட்டும்தான் சுரண்டியிருக்கா.

விசயம் அங்கேதானுங்க இருக்குது. அரைச் சுத்து வரைக்கும் முன்னால தள்ளற காந்தம், காயில் திரும்பினதும் பின்னால இழுக்கும். ஊஞ்சல் போறப்பத் தள்ளினாச் சரி, எதுத்து வர்றப்பவும் தள்ளினா? சுரண்டாத பாதி வந்ததும் கரண்ட் நிக்குது, ஓடற வேகத்துல காயில் தாண்டிப் போகுது, அப்பறம் மறுபடி தள்ளு. உங்க வீட்டு மிக்சியில கார்பன் தேஞ்சு போச்சுன்னு மாத்துறீங்களே, அந்தக் கார்பன் ஒரசற எடத்துல நடக்கறதும் இந்த மாட்டத் தந்திரம்தான், அங்கே கரண்ட் நிக்கறதுக்குப் பதிலாத் திசை மாறும். பையன் ஓடியாந்து, "அப்புச்சி, பாதி விடணும்!"னு கத்தினான். அவங்க ரோபோ வகுப்புல இதைச் சொல்லாம விட்டிருக்க மாட்டாங்க. ஆனா ரெண்டு மணி நேரம் சுத்தாம இருக்க விட்டிருக்க மாட்டாங்க.

இப்படி ஊக்கையும் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வெச்சு ஊர் ஊராச் சொல்லிக் குடுத்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில படிச்ச இன்ஜினியர். 2018-ல பத்மஸ்ரீ வாங்கினார். நீங்க சொல்லலாம், அதெல்லாம் வடக்கேன்னு. சூலூருக்குப் பக்கத்துல கலங்கல், நம்ம ஜி.டி. நாயுடு ஊரு. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவர். ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயமுத்தூர் ஓட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து வாங்கினார். வாங்கி என்ன செஞ்சார்? ஊர்வலமா போனார்? பிரிச்சுப் போட்டு மறுபடி மாட்டினார். 1937-ல இந்த மண்ணுலயே கரண்ட் மோட்டார் செய்யறதுக்கு அவர் கையும் சேர்ந்துச்சு. அவங்கப்பன் உங்க மாட்ட அக்கறையா இருந்திருந்தா, அந்த வண்டிக்கு ரெக்சின் உறை தைச்சுப் போட்டிருப்பார்.

அதனால மாப்பிள்ளை, அடுத்த லீவுக்கும் பையனை இங்கேயே விடுங்க, பீஸ் எதுவும் வாங்க மாட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் போறப்ப, மார்க்கைக் கேட்காம, இந்த வருசம் லேப்புல எத்தனை சாமான் ஒடைஞ்சதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

ஆங், காந்தம். போன தடவை நீங்க மறந்துட்டுப் போன பாட்டுப் பெட்டி, புளூடூத் ஸ்பீக்கரு, அதுக்குள்ள நல்ல காந்தம் ஒண்ணு இருந்துச்சுங்க. திருப்புளியை நான்தான் எடுத்துக் குடுத்தேன். எட்டு ஸ்க்ரூ கழட்டினான், ஏழுதான் இப்பக் கையில இருக்குது.