யானைக்குப் பங்கு

மலை பார்க்க ஆசை வந்தால் மலேசியத் தமிழன் கேமரன் மலைக்குத்தான் வண்டியைத் திருப்புவான். ஜொகூரிலும் மலை இருக்கிறது என்றால் ஜொகூர்க்காரனே சிரிப்பான். எங்கள் மாநிலத்தின் உச்சம் லேடாங், 1,276 மீட்டர். குளுவாங்கின் லம்பாக் 510தான். ஆனாலும் லம்பாக்கில் பாதி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தவன் எவனும் அதைக் குன்று என்று சொன்னதில்லை.

அதனால், உள்ளூர் மலைகளுக்கும் ஒரு மரியாதை செய்வோமென்று விடுமுறை நாளொன்றில் ஜொகூர் பாருவிலிருந்து கிளம்பினோம். கோத்தா திங்கி, மெர்சிங், திரும்பும்போது காஹாங் வழியாகக் குளுவாங். வண்டியில் அம்மா, சித்தப்பா, சின்னம்மா, அவர்கள் மகன், ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு. ஒருநாள் பயணத்துக்கு இவ்வளவு எதற்கு என்றேன். "வழியில வண்டி பழுதாயிட்டா?" என்றார் சின்னம்மா. மேற்கொண்டு நான் பேசவில்லை.

கோத்தா திங்கியில் ஒரு பழக்கடை. பழக்காரர் "நங்கா" என்று நீட்டிய பலாப்பழத்தைச் சின்னம்மா தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, சித்தப்பா சரித்திரம் சொன்னார். 1699இல் இந்த ஊரில்தான் சுல்தான் மஹ்மூத் பல்லக்கில் போகும்போது குத்திக் கொல்லப்பட்டார். அரசர் தோட்டத்துப் பலாவில் ஒரு சுளை தின்றாள் என்று தளபதியின் கர்ப்பிணி மனைவியை அவர் கொன்றதற்குப் பழி அது என்பது ஊர்க்கதை. வாரிசு இல்லை, ஜொகூரில் மலாக்கா அரச பரம்பரை அவரோடு முடிந்தது.

"மசக்கைக்காரிக்கு ஒரு சுளை குடுக்க மனசு வராதவன் இருந்தா என்ன, போனா என்ன?" என்று தீர்ப்பளித்த சின்னம்மா, அதே மூச்சில் பழக்காரரிடம் இரண்டு வெள்ளி குறைக்கச் சொன்னார்.

ஊரைத் தாண்டியதும் பையன் ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டி, "காடு! காடு!" என்றான்.

"காடு இல்லடா, செம்பனை." சித்தப்பா முன்னாள் மண்டோர். அவர் கண்ணுக்கு இயற்கைக் காட்சி என்று ஒன்று கிடையாது; வேலை ஒழுங்காக நடக்காத தோட்டங்கள்தான் உண்டு. "பாரு, மரத்தடியில உதிரி கெடக்கு. பொறுக்க ஆள் இல்ல. குலையும் பழுத்துத் தொங்குது." அசல் காடு வந்தபோது அவர் தூங்கிவிட்டார்.

மெர்சிங்கில் கடல் பார்த்தோம். புளிச்சோறு தின்றோம்.

காஹாங் சாலையில்தான் யானைப் படம் போட்ட மஞ்சள் பலகைகள் வந்தன. ஒவ்வொரு பலகைக்கும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்: "பிள்ளையாரப்பா, வழியில வந்துடாதே." பின்சீட்டிலிருந்து பையன், "வா, வா" என்று வேண்டினான். பிள்ளையார் யாருக்கென்று செவிசாய்ப்பார்? எங்களுக்கு முன்னால் ஒரு செம்பனைக் குலை லாரி. அது விட்ட புகைக்குள் மலையெல்லாம் மறைந்துபோயிற்று. அது ஒருவழியாகத் தோட்டப் பாதையில் ஒதுங்கிய மறுகணம், நடுச்சாலையில் உருண்டை உருண்டையாகச் சாணம்.

பிரேக் போட்டேன். சித்தப்பா விழித்துக்கொண்டு கண்ணாடி வழியே ஆராய்ந்தார். "புதுசு. ஆவி பறக்குது." பிறகு மூக்கை உறிஞ்சினார். வெயிலில் பழுத்த பலா வண்டி முழுக்க மணந்துகொண்டிருந்தது. "யானைக்குப் பலா வாசம்னா உசிரு. ரொம்ப தூரத்துலயே பிடிச்சிடும்."

வண்டிக்குள் சத்தமே இல்லை. பையன்தான் கேட்டான்: "அம்மா, யானை வந்து கேட்டா ஒரு சுளை குடுப்பீங்கதானே?"

சின்னம்மா பதில் சொல்லவில்லை. கத்தியை எடுத்தார், கையில் எண்ணெய் தடவிக்கொண்டார், மடியில் நாளிதழை விரித்தார். பழத்தைப் பிளந்து ஆளுக்கு ஒரு கை நிறையச் சுளை திணித்தார். எனக்கு ஸ்டியரிங் பிடித்த கையோடு வாயில் ஊட்டல். "சீக்கிரம் முழுங்குங்க!" காஹாங் வருவதற்குள் கொட்டைதான் மிச்சம், அதையும் கறிக்கென்று பையில் முடிந்துகொண்டார்.

குளுவாங் ரயில் நிலையத்தில் 1938இல் தொடங்கிய காப்பிக்கடையின் ரொட்டி பாக்காருக்கு ஊரே வரிசையில் நிற்கும். நாங்கள் ஆளுக்கொரு கோப்பி ஓ மட்டும் சொன்னோம். கோப்பையை வைத்த கடைப்பையன் எங்களைச் சுற்றி ஒருமுறை மோப்பம் பிடித்துவிட்டுக் கேட்டான்:

"நங்கா?"