மீசை பெண்பால்

பிரெஞ்சில் அஃறிணை கிடையாது. தமிழில் ஒன்றன்பாலாக நிம்மதியாய்க் கிடக்கும் மேசை, அந்த மொழிக்குள் நுழைந்ததும் பெண்ணாகிவிடுகிறது: 'லா தாப்ல்'. அதன்மேல் இருக்கும் புத்தகம் ஆண்: 'லு லீவ்ர்'. நாற்காலி பெண்; அதுவே கைகளும் மெத்தையும் பெற்றுச் சாய்விருக்கையானால் ஆண். தட்டின் பக்கத்தில் கத்தி ஆண். முள்கரண்டியும் கரண்டியும் பெண்கள். பிரெஞ்சின் தாய்மொழியான லத்தீனில் பால் மூன்று. மூன்றாவது வழக்கொழிந்தபோது, அதிலிருந்த சொற்களில் பெரும்பாலானவை ஆண்பாலில் போய்ச் சேர்ந்தன.

இதற்கெல்லாம் காரணம் தேடுவோருக்கு மீசை ஒன்றே போதும். மீசையும் பெண்பால், தாடியும் பெண்பால். காவலுக்கு நிற்கும் சிப்பாய் ஆறடி ஆணாக இருந்தாலும் 'லா ஸாந்தினெல்' பெண்பால்தான். பால் என்பது சொல்லுக்கு உரியது. பொருளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பாலைக் காட்டிக்கொடுப்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஆர்ட்டிக்கிள். குறிப்பிட்ட ஒன்றைச் சொல்ல ஆண்பாலுக்கு 'லு', பெண்பாலுக்கு 'லா'. ஏதோ ஒன்று என்றால் 'அன்', 'யுன்'. பன்மையில் சமத்துவம்: இருபாலுக்கும் குறிப்பிட்டவை என்றால் 'லே', ஏதோ சில என்றால் 'தே'. பன்மைக்காகச் சொல்லின் கடைசியில் பெரும்பாலும் 'எஸ்' எழுத வேண்டும். ஆனால் அதை உச்சரிப்பதில்லை. ஒரு புத்தகமும் நூறு புத்தகமும் காதுக்கு 'லீவ்ர்' மட்டுமே. எண்ணிக்கையைச் சொல்லும் பொறுப்பும் ஆர்ட்டிக்கிளின் தலையில்தான்.

உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'லு', 'லா' இரண்டும் தேய்ந்து வெறும் 'ல்' ஆகின்றன. பள்ளிக்கூடம் 'லெகோல்'. அது ஆணா பெண்ணா என்பது அத்தோடு மறைந்துபோகிறது (பெண்). 'ஹெச்' எழுத்துக்கு ஒலியே இல்லை. ஆனாலும் சில சொற்களில் அது வழிவிட மறுக்கும். வீரன் 'லு எரோ', வீராங்கனையோ 'லெரோயின்'. பன்மையில் வீரர்களை 'லே எரோ' என்று இடைவெளி விட்டே சொல்ல வேண்டும். சேர்த்து 'லேஸெரோ' என்றால், வீரர்கள் அத்தனை பேரும் பூஜ்யங்கள்.

எண்ண முடியாததற்குத் தனி ஆர்ட்டிக்கிள் உண்டு. சீஸ் பிடிக்கும் என்றால் 'லு ஃப்ரொமாஜ்'. கொஞ்சம் சீஸ் சாப்பிட்டால் 'த்யு ஃப்ரொமாஜ்'. சாப்பிடவில்லை என்றால் வெறும் 'து'. சீஸ் இல்லாத இடத்திலும் இலக்கணம் பாக்கி வைப்பதில்லை.

விகுதியைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். 'நஸியோன்' போல 'ஸியோன்' என முடிபவை பெண்பால். 'ஃப்ரொமாஜ்' போல 'ஆஜ்' என முடிபவை ஆண்பால். கடற்கரை, பக்கம், படம், கூண்டு போன்ற சிலவற்றுக்கான சொற்கள் மட்டும் அப்படியே முடிந்தும் பெண்பால். மூன்று எழுத்துகள் கூடி 'ஓ' என ஒலிக்கும் விகுதி, கத்தியில் வருவதுபோல், ஆண்பாலுக்கு அடையாளம். அந்த 'ஓ' மட்டுமே ஒரு முழுச் சொல்லாக நின்றால் தண்ணீர் என்று பொருள். அது பெண்பால்.

ஆர்ட்டிக்கிள் மாறினால் பொருளே மாறுவதும் உண்டு. 'லு தூர்' சுற்றிவருவது, பிரான்ஸின் சைக்கிள் பந்தயம் போல. 'லா தூர்' கோபுரம், ஈஃபில் போல. 'லு லீவ்ர்' புத்தகம். 'லா லீவ்ர்' என்றால் சந்தையில் அரைக் கிலோ.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் புதுச்சொல் வந்தால் குழப்பம்தான். கோவிட்டை மக்கள் 'லு' என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். 1635 முதல் மொழிக்குக் காவல் நிற்கும் பிரெஞ்சு அகாதெமி 2020இல் தலையிட்டது: நோய் என்ற சொல் பெண்பால், ஆகவே 'லா கோவிட்'. அதற்குள் 'லு' ஊரெல்லாம் பரவியிருந்தது.

பால் பிழைத்தால் பெயரடையும் கூடவே பிழைக்கும்: பச்சைப் புத்தகம் 'வேர்', பச்சை மேசை 'வேர்த்'. ஆகவே 'தாப்ல்' என்றால் மேசை என்று மனப்பாடம் செய்வது அரைப்பாடம். 'யுன் தாப்ல்' என்றால்தான் முழுப்பாடம். 'யுன்' சிறந்தது, ஏனென்றால் உயிரொலிக்கு முன்னாலும் அது தன் பாலை மறைப்பதில்லை.