பதினோராவது ஆள்

சனிக்கிழமை இரவு பத்தரைக்கு மேல் பொங்கோலில் ஒரு கைப்பேசி அடித்து, எடுத்தவர் எடுத்த எடுப்பிலேயே "யாரு வரல?" என்று கேட்டால், அவர்தான் நம் ஆள். ஹலோ கிடையாது. சௌக்கியமா கிடையாது. நாளைக் காலை ஆட்டத்துக்கு எவனோ ஒருவன் கைவிரித்துவிட்டான். காய்ச்சல், கல்யாணம், மாமியார் என்று ஏதோ ஒரு காரணம். கையில் பத்துப் பேர் இருக்கிறார்கள். பதினோராவது ஆள் வேண்டும்.

வட்டாரத்தில் அவருக்கு ஸ்டிரைக்கர் அண்ணன் என்று பெயர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் பாலிகிளினிக்கும் மட்டும் பயன்படுத்துகின்றன. வயது 53. ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போது 48. "ஓடி வந்து டிஃபென்ஸ் பண்ணுங்கண்ணே" என்று யாராவது சொன்னால் மட்டும் ஒரே நொடியில் 65 ஆகிவிடும்.

வீடு கடலூர் எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில். ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் "சிங்கப்பூர்ல கடலூரா!" என்று வாய்பிளப்பார்கள். "ஆமா. ஆனா அடுத்த ஸ்டேஷன் சிதம்பரம் இல்லை, ஓயேசிஸ்" என்பார் அண்ணன். இந்த நகைச்சுவையை அவர் வீட்டார் கேட்டுக் கேட்டு, இப்போது உறவுக்காரர் வாய் திறக்கும்போதே எழுந்து அடுக்களைக்குள் போய்விடுகிறார்கள்.

அவருடைய ஆட்ட வரலாறு நீளமானது; அகலம்தான் குறைவு. பள்ளிக்கூட அணியில் தொடங்கி, தேசிய சேவையில் படைப்பிரிவு அணி. பிறகு ஜூரோங்கில் கப்பல் பட்டறை அணி. அதற்குப் பிறகு ஒரு வங்கியின் அணி; அந்த வங்கியில் அவருக்குக் கணக்குகூடக் கிடையாது. கேலாங் சிராயில் மலாய் நண்பர்களின் அணியில் ஒரு சீசன் ஆடினார். அங்கே அவருக்கு 'பாங்' என்று மரியாதை கிடைத்தது, பந்து கிடைக்கவில்லை. பிறகு கடலுணவுக் கடைக்காரர் ஒருவர் நடத்திய அணி. ஜெயித்தால் மிளகாய் நண்டு, தோற்றால் வெறும் வறுத்த சோறு என்பது ஒப்பந்தம். அந்த சீசன் முழுக்க அண்ணன் நிறையச் சோறு சாப்பிட்டார்.

இடையில் தேக்காவில் ஒரு மளிகைக்கடை அணி, ஒரு கோயில் தொண்டூழியர் அணி, ஒரு சமூக மன்றத்தின் மூத்தோர் அணி. மே தினப் போட்டி ஒன்றில் தங்குவிடுதி ஊழியர்களின் அணிக்கு 'விருந்தாளி'. அதில் அறந்தாங்கித் தம்பிகள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்களாம். கோல் அடித்ததற்காகவா என்று விசாரித்தால், தொடைத்தசை பிடித்துக்கொண்டதற்காக என்று தெரிகிறது.

எந்த அணியிலும் இரண்டு சீசன் தாண்டியதில்லை. "கழற்றிவிட்டாங்களாண்ணே?" என்று கேட்கக் கூடாது. "நான் விலகிட்டேன் லா. மேனேஜர்கூட சரிப்படல" என்பதுதான் பதில். இதுவரை சரிப்படாத மேனேஜர்களை வைத்துத் தனியாக ஒரு லீக்கே நடத்தலாம்.

"மொத்தம் எத்தனை கோல்ண்ணே?"

"ரெண்டாயிரத்துக்கு அப்புறம் எண்ணறதில்ல தம்பி."

அது ஆண்டா, எண்ணிக்கையா என்று திருப்பிக் கேட்கும் துணிவு இன்னும் யாருக்கும் வரவில்லை.

சிங்கப்பூரில் அவர் வயதுக்காரர்களுக்குக் காற்பந்துப் பைத்தியம் பிடித்ததற்கு நியாயம் உண்டு. கல்லாங்கில் 1973இல் திறந்த பழைய தேசிய விளையாட்டரங்கம் 55,000 பேர் கொள்ளக்கூடியதாக இருந்தது. மலேசியக் கிண்ண ஆட்டம் என்றால் அத்தனை பேரும் ஒரே தொண்டையில் கத்துவார்கள். அப்பா காலத்தில் எஸ். ராஜகோபால் வளைத்து அடிக்கும் 'பனானா கிக்' பேச்சு. பிள்ளைகள் காலத்தில் வி. சுந்தரமூர்த்தி. 1993இல் அவர் புருணைக்கு எதிராக அந்தரத்தில் தலைகீழாகத் துள்ளி அடித்த கோலை நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எல்லோரையும் கூட்டினால், அரங்கத்தை இன்னும் மூன்று கட்ட வேண்டியிருக்கும். அண்ணனும் அதில் ஒருவர். அவருக்கு அன்று கிடைத்த இருக்கை, ஒவ்வொரு தீபாவளிக்கும் கோல் கம்பத்துக்கு ஒரு வரிசை அருகில் நகர்ந்துகொண்டு வருகிறது.

அடுத்த ஆண்டு, 1994இல், சிங்கப்பூர் இறுதியாட்டத்தில் பகாங்கை 4-0 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை வென்றது. அந்த ஆண்டு லீக் பட்டமும் நம்முடையதே. அதோடு மலேசியப் போட்டிகளிலிருந்து விலகி, 1996இல் சொந்தமாக எஸ்-லீக் தொடங்கினார்கள். எட்டு அணிகள். அண்ணனுக்கு அப்போது 24 வயது. ஓர் அணியின் ஆட்டக்காரர் தேர்வுக்குப் போனார். "கோச் என்னைப் பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லல தம்பி. அசந்து போயிட்டார்" என்பது அவருடைய தரப்பு. கோச்சின் தரப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

அந்த வருத்தம் அவரிடம் ஒட்டாமல் போனதற்குக் காரணம், உள்ளூர் அணியே அவரைப்போல அலைந்ததுதான். ஆட்டக்காரர் அணி மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கத்தில் அணியே ஆள் மாறியது. மரீன் காசல் யுனைடெட் என்று 1998இல் பிறந்தது. பிறகு செங்காங் மரீன். பிறகு இரண்டு சீசன் லீக்கிலேயே காணோம். 2006இல் செங்காங் பொங்கோல் என்று திரும்பி வந்தது. 2011இல் ஹவ்காங் யுனைடெட் ஆனது. பெயரில் பொங்கோல் இருந்தது ஐந்தே சீசன். அந்த ஐந்து சீசனும் அண்ணன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சந்தைக்குப் போனார். மீன்காரர் அவரை ஆட்டக்காரர் என்று நினைத்துக் கேட்டதற்கு, "ஆமா" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. வஞ்சிரம் மட்டும் கொஞ்சம் மலிவாக வாங்கினார்.

இந்த அணியில் செங்காங் மரீன் காலத்தில் ஓர் ஆங்கிலேய இளைஞர் கொஞ்ச நாள் ஆடிவிட்டுப் போனார். பெயர் கிராண்ட் ஹோல்ட். வந்ததும் போனதும் இங்கே பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. ஊருக்குத் திரும்பியவர் கீழ்மட்ட அணிகளில் ஊர் ஊராகச் சுற்றினார். பாரோ, ராச்டேல், ஷ்ரூஸ்பரி என்று சுற்றிச் சுற்றிக் கடைசியில் நாரிச் சிட்டியில் நிலைத்தார். அந்த அணி அடுத்தடுத்து இரண்டு படி ஏறி பிரிமியர் லீக்குக்கு வந்தபோது அவர்தான் தலைவர். 2011-12 சீசனில், முப்பது வயதில், பிரிமியர் லீக்கில் 15 கோல்.

அண்ணனிடம் இந்தக் கதை வேறு மாதிரி இருக்கிறது. "பையன் நல்லா ஆடுவான். வெயில்தான் ஒத்துக்கல. நான்தான் சொன்னேன், தம்பி, நீ ஊருக்குப் போ, உனக்கு அங்கதான்னு. போனான் பார்த்தியா?" முதலில் இந்த அறிவுரை அரங்கின் மேல்படியிலிருந்து கத்தியதாக இருந்தது. இப்போது கோப்பிக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, தே தாரிக் வாங்கிக் கொடுத்துச் சொன்னதாக ஆகியிருக்கிறது. இராத்திரி வைத்த தோசை மாவைப்போல அண்ணனின் கதைகளுக்கு ஒரு குணம் உண்டு: யாரும் கிளறாமலே விடிவதற்குள் பொங்கிவிடும்.

ஹோல்ட் சீடர் என்றால், அலெக்சாண்டர் ஜூரிச் குலதெய்வம். போஸ்னியாவிலிருந்து வந்தவர். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் கலந்துகொண்டவர். போர் நாட்டைப் பிய்த்தெறிந்த பிறகு பந்தோடு பல நாடுகள் சுற்றி, 1999இல் தஞ்சோங் பகார் யுனைடெட்டுக்கு வந்து சேர்ந்தார். அடுத்து ஹோம் யுனைடெட், கேலாங், ஆயுதப்படை அணி, தெம்பனிஸ் ரோவர்ஸ். 2007இல் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டு, 37 வயதில், தேசிய அணிக்காக முதல் ஆட்டம். தஜிகிஸ்தானுக்கு எதிராக இரண்டு கோல். ஓய்வு பெற்றபோது 44 வயது.

அண்ணனின் மனைவி "இந்த வயசுல போதாதாங்க?" என்று கேட்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூரிச்சின் பெயர் வீட்டில் ஒலிக்கும். அண்ணனுக்கு 44 தாண்டியபோது அம்மையார், "உங்க ஜூரிச்சும் நிறுத்திட்டாரு" என்று பழைய செய்தித்தாளை நீட்டிப் பார்த்தார். அண்ணன் அசரவில்லை. "அவரு தினமும் ஆடினவரு. தேஞ்சு போச்சு. நான் வாரத்துக்கு ஒரு தடவைதானே?"

மேல்முறையீட்டுக்கு இத்தாலியிலிருந்தும் அவரிடம் ஒரு சாட்சி உண்டு: டாரியோ ஹூப்னர். சின்னச் சின்ன ஊர் அணிகளில் உருண்டு, முப்பது வயதில்தான் இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆவில் கால் வைத்தவர். 2001-02 சீசனில் பியாசென்சா என்ற சிறிய அணிக்கு 24 கோல் அடித்து, யுவெண்டசின் டிரெசகேவுடன் சமமாக நின்று, அதிக கோல் அடித்தவர் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். அப்போது வயது 35. மைதானத்துக்கு வெளியே அவர் விரலிடுக்கில் எப்போதும் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும். அண்ணனுக்கு இதில் மிகவும் பிடித்தது கடைசி விவரம்தான்.

ஞாயிறு காலை ஏழரைக்கு அண்ணன் திடலுக்கு வந்துவிடுவார். மற்றவர்கள் எட்டரைக்கு. அவருடைய பையை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மேலே முட்டிக்கவசம் இரண்டு; ஒன்று வலது முட்டிக்கு, இன்னொன்றும் வலது முட்டிக்கு. அடியில் கோடாலித் தைலம். பக்கத்துப் பையில் மறந்து வருகிறவர்களுக்காக மூன்று ஜோடி காலுறை, ஒரு ஜோடி கணுக்கால் தடுப்பு, பூட்சுக்கு நாடா, காற்றடிக்கும் ஊசி, பிளாஸ்டர், நடுவர் மறந்தால் கொடுக்க ஒரு விசில். திடல் கட்டணத்தைப் பேநவ்வில் அனுப்பாதவர்களின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. மூன்று ஆண்டாக அதில் முதல் பெயர் மாறவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் அவர் எதிரணியின் பெனால்ட்டி எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். நிற்பார் என்றால் நிற்பார். "கால் போயிடும் தம்பி, பொசிஷனிங் போகாது." பந்து நடுத்திடலைத் தாண்டாத நேரங்களில் எதிரணியின் தடுப்பாட்டக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார். எந்த புளோக், எத்தனை பிள்ளைகள், வீட்டுக்கடன் முடிந்ததா? பையன் பதில் சொல்ல வாய் திறக்கும்போது பந்து வந்தால், அண்ணன் தனியாள். இதைத் தந்திரம் என்று அவர் சொல்வார். ஆஃப்சைடு என்று நடுவர் சொல்வார்.

போன சீசனின் கடைசி ஆட்டங்களில் ஒன்று. 1-1. முடிய நான்கு நிமிடம். வலது பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஓங்கி அடித்த பந்து, தடுப்பாட்டக்காரர் காலில் பட்டு, திசை மாறி, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த அண்ணனின் முட்டிக்கவசத்தில் மோதி, கோல்காப்பாளரின் கையிடுக்கில் நுழைந்து உள்ளே போனது. அண்ணன் இரண்டு கையையும் விரித்து மூலைக்கொடி வரை ஓடினார். அன்றைய ஆட்டத்தில் அவர் ஓடிய அதிகபட்ச தூரம் அதுதான். கட்டிப்பிடிக்க வந்த தம்பிகளிடம் மூச்சு வாங்க, "உள்பக்கத்தால வச்சேன் பார்த்தியா?" என்றார். முட்டிக்கு உள்பக்கம் எது என்று யாரும் கேட்கவில்லை.

சிரிக்கலாம். நானும் சிரித்துத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு கணக்கும் இருக்கிறது. காற்பந்து விதிப்படி ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே தொடங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அணிகளை அழிப்பது தோல்வியில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள்தான். திறமைசாலிகளுக்கு எப்போதும் வேறு வேலை இருக்கும். குழந்தை, பதவி உயர்வு, பாலிக்குச் சுற்றுலா. இந்த ஊரின் பாதி அணிகள், கூப்பிட்டால் வருகிற ஒருவரை நம்பியே அடுத்த ஞாயிறைப் பார்க்கின்றன. அண்ணனை எந்த அணியும் ரொம்ப நாள் வைத்துக்கொண்டதில்லை என்பது உண்மை. கூப்பிட்ட எந்த அணிக்கும் அவர் வராமல் இருந்ததில்லை என்பதும் உண்மை. ஜூரிச்சும் ஹோல்ட்டும் ஹூப்னரும் இந்த இரண்டாவது உண்மையில்தான் ஏறி வந்தார்கள். அவர்களுக்குக் கூடவே கோல் அடிக்கவும் தெரிந்திருந்தது. அண்ணனுக்கு அந்தச் சின்ன விஷயம் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது.

பெயர் மாறிப் பெயர் மாறி அலைந்த நம் வட்டார அணி, பிறந்து 24 ஆண்டு கழித்து, 2022இல் சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றது. அதன் முதல் பெரிய கிண்ணம். அன்றிரவு அண்ணன் எல்லோருக்கும் அனுப்பிய செய்தி ஒன்றே ஒன்று: "அவசரப்படக் கூடாது."

ஆகவே, உங்கள் அணியில் ஆள் குறைந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். வருவார், விசிலோடு வருவார். பெனால்ட்டி கிடைத்தால் மட்டும் பந்தை முதலில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.