டொலுண்ட் மனிதருக்கு விசா கொடுத்தது யார்?

பெயர் போடாமல் கடிதம் அனுப்பும் விசா அலுவலகத்தின், பெயர் தெரியாத உயரதிகாரி அவர்கள் சமூகத்துக்கு,

கனம் ஐயா அல்லது அம்மா,

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்குத் தாங்கள் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தை அவள் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். தாளின் ஓரத்தில் அவளுடைய பெருவிரல் தெரிகிறது. அச்சடித்த காரணங்களின் நீண்ட பட்டியல். அதில் ஒன்றுக்கு எதிரே மட்டும் ஒரு புள்ளடி. கீழே கையெழுத்து என்று ஒரு கீறல். அந்தக் கீறலுக்குச் சொந்தக்காரர் யார் என்று எங்கும் இல்லை. தங்கள் அடக்கத்தைப் போற்றி, நானும் தங்கள் அலுவலகத்தின் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

புள்ளடி விழுந்த இடம் இதுதான்: விசா முடிவதற்குள் திரும்பிப் போகும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு உண்டா என்பதில் நியாயமான சந்தேகம்.

பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. இங்கே டென்மார்க்கின் சில்க்போர்க்கில், ஏரிக்கரையில், பல நாட்டு இளையோர் கூடும் ஒரு கோடைக்கால முகாமுக்குத்தான் கேட்டாள். கூடாரத்தில் படுக்கை, குடேனோ ஆற்றில் தோணி வலிப்பு, ஒரு நாள் ஜெல்லிங் கற்கள், ஒரு நாள் அருங்காட்சியகம். அதற்கு அழைப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்புறுதி, தகப்பனின் வங்கிக் கணக்கு விபரம், கிராம அலுவலரின் கடிதம், காணி உறுதி, அந்த உறுதிக்கு முத்திரை குத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் கட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனாள். 90 யூரோ கட்டணம் கட்டினாள். இலங்கைக் காசில் அது ஏறக்குறைய முப்பதாயிரம். கவுண்டரில் இருந்தவர் கேட்டாராம்: "கலியாணம் முடிச்சிட்டீங்களா?" இல்லை என்றாள். "ஏன் இன்னும் முடிக்கேல்லை?" வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. பிறகு, "உங்கட பேரில வீடு இருக்கா?"

பத்தொன்பது வயதில் புருஷனும் வீடும் இல்லாதவள் கூடாரத்தில் படுக்க வரக்கூடாது என்ற தங்கள் தத்துவம் எனக்கு உடனே பிடிபடவில்லை. திரும்பிப் போகும் எண்ணம் என்ற அந்த அரிய பண்பை விளங்கிக்கொள்ள, அது யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று என் ஊரிலேயே தேடிப் பார்க்கப் புறப்பட்டேன்.

முதலில் பிடிபட்டவர், ஐயா, எங்கள் ஊரின் மிகப் பிரபலமான குடியிருப்பாளர். டொலுண்ட் மனிதர். 1950 மே 8ஆம் திகதி, சில்க்போர்க்குக்கு மேற்கே உள்ள சதுப்பில் விறகுக்காகக் கரி மண் வெட்டிக்கொண்டிருந்த குடும்பத்தார் கண்டெடுத்தவர். முகம் அவ்வளவு புதிதாக இருந்ததால் அண்மையில் நடந்த கொலை என்று பயந்து பொலிசைக் கூப்பிட்டார்கள். பார்த்தால் கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டு, அல்லது அதற்கும் சற்று முந்தியவர். இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் படுத்திருக்கிறார். நெற்றிச் சுருக்கம் தெரிகிறது, தாடையில் முள்முள்ளாய் மயிர் தெரிகிறது, தலையில் ஆட்டுத்தோல் தொப்பி, இடுப்பில் தோல் வார், கழுத்தில் அவரைக் கொன்ற பின்னல் கயிறு. கண்ணை மூடி நித்திரை கொள்வது போலக் கிடக்கிறார்.

இவருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் அறவே இல்லை. வந்து 2,400 வருஷமாகிறது.

கவனித்துப் பாருங்கள். இவரும் மணமானவர் என்பதற்கு அத்தாட்சி இல்லை. இவர் பேரிலும் காணி உறுதி இல்லை. கையில் ஒரு சல்லி இல்லை. கடைசியாக உண்டது என்ன என்று 2021இல் விஞ்ஞானிகள் வயிற்றை மீண்டும் ஆராய்ந்து சொன்னார்கள்: வாற்கோதுமையும் ஆளி விதையும் களை விதைகளும் சேர்ந்த கஞ்சி, கூடவே மீன். எங்கள் ஒடியற்கூழுக்கு அண்ணன் முறை. கூழ் குடித்துவிட்டு வருகிறவர்கள் மீது தங்களுக்கு வெறுப்பு என்று நான் நினைத்திருந்தது தவறான குற்றச்சாட்டு போலிருக்கிறது. கைரேகைகூட 1976இல்தான் டென்மார்க் பொலிஸ் எடுத்தது. என் மருமகளிடம் பத்து விரலையும் வந்த அன்றே எடுத்தீர்கள்.

இன்னொன்று. அங்கே காட்சியில் இருப்பதில் தலை மட்டுமே அசல். உடம்பு பிறகு செய்துவைத்த நகல். அசல் எங்கே, அத்தாட்சிப்படுத்திய நகல் எங்கே என்று அவளைத் திருப்பி அனுப்பிய கவுண்டர்காரர் இவரை எப்படி உள்ளே விட்டார்?

தாங்கள் நேரமில்லாதவர். மற்றச் சாட்சிகளைச் சுருக்குகிறேன். ஜெயிலன் என்ற நீராவிப் படகு 1861 முதல் கோடைதோறும் சில்க்போர்க்கிலிருந்து ஹிம்மல்பியர் குன்றுக்குப் போய்ப் போய்த் திரும்பி வருகிறது. திரும்பும் எண்ணத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. தாங்கள் உடனே அதற்குப் பலமுறை நுழைவு விசா கொடுக்கலாம். அது போய்ச் சேரும் இடத்தின் உயரம் 147 மீற்றர். 147 மீற்றரை மலை என்று நம்புகிற ஒரு நாட்டில், ஒரு பிள்ளை கையெழுத்திட்டுச் சொன்ன வார்த்தையை நம்ப ஆளில்லை.

ஜெல்லிங்கில் ஹரால்ட் மன்னர் பத்தாம் நூற்றாண்டில் நிறுத்திய கல்லை 1994இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. டேனியர்கள் அதைத் தங்கள் நாட்டின் ஞானஸ்நானச் சான்றிதழ் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சான்றிதழை எழுதுவித்தவர் ஹரால்டேதான், டென்மார்க் முழுவதையும் வென்றேன் என்று தன்னைப் பற்றித் தானே. சமாதான நீதவான் கையொப்பம் இல்லை. முத்திரை குத்திய மொழிபெயர்ப்பும் இல்லை. கல்லில் இருந்தால் ஏற்பீர்களா? அடுத்த முறை கருங்கல்லில் கொத்தி அனுப்புகிறோம்.

எண்ணம் என்ற விஷயத்தில் டேனிய முன்னோரையும் விசாரிக்கத் தோன்றியது. 1620இல் ஓவே கெட்டே என்ற தளபதி கப்பல்களோடு முதலில் இலங்கைக்கு வந்தார். பிறகு தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் இறங்கினார். டேன்ஸ்போர்க் கோட்டை எழும்பியது. நாயக்கர் டேனிய மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. அழைத்தவரின் வங்கிக் கணக்கு விபரத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வந்தவர்கள் 1845இல்தான் கிளம்பினார்கள். திரும்பிப் போகும் எண்ணம் கனிய 225 வருஷம் எடுத்தது. போகும்போது கோட்டையையும் ஊரையும் ஆங்கிலேயருக்கு விற்றுக் காசாக்கிக்கொண்டு போனார்கள். என் மருமகள் கூடாரத்தை விற்க மாட்டாள் என்று எழுதித் தரத் தயாராக இருக்கிறேன்.

அவள் விண்ணப்பத்தில் உறவினர் என்ற இடத்தில் என் பெயர் இருந்ததுதான் உண்மையான சிக்கல் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மாமன் சில்க்போர்க்கில் இருக்கிறான். ஆகவே மருமகள் தங்கிவிடுவாள். அப்படியானால் நாங்கள் எப்படி இங்கே வந்தோம் என்பதையும் கொஞ்சம் பேசலாம். எண்பதுகளில் போரிலிருந்து ஓடிவந்து யூலாந்தின் சின்ன ஊர்களில் குடியேறினோம். 1987இல் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹேன்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பத்தாரை வரவிடாமல் கோப்புகளை நிறுத்தச் சொன்னார். குடும்பத்தோடு சேர்வது சட்டம் கொடுத்த உரிமை. பெண்சாதி பிள்ளைகள் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் போருக்குள் இருந்தார்கள். இங்கே கோப்பு மேசையில் கிடந்தது. எவனோ ஒருவன் சும்மா ஒரு கோப்பை ஓரமாகத் தள்ளி வைத்தான், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் மனிதர்களின் வருஷங்கள் போயின. கேட்க நாதியில்லாதவர்கள் என்று நினைத்துச் செய்த வேலை. 1993 ஜனவரியில் அந்த விவகாரத்தால் பிரதமர் ஷ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் அரசியல் விசாரணை நீதிமன்றம் நின்-ஹேன்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத் தண்டனை கொடுத்தது. ஒருநாள்கூட அவர் உள்ளே இருக்கவில்லை.

மன்னிக்க வேண்டும். தாங்கள் வேறு, அவர் வேறு. தங்கள் மேசை துப்புரவானது, தங்கள் புள்ளடி நியாயமானது, தங்கள் கீறல் அழகானது. ஒரு பிள்ளையின் எண்ணத்தை, அவள் பேசாமலே, முகத்தைப் பார்க்காமலே படித்துவிடும் ஞானம் திருமூலருக்குப் பிறகு தங்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

அவளுடைய எண்ணம் என்னவென்று நானும் தொலைபேசியில் கேட்டேன். செப்டெம்பரில் இரண்டாம் வருஷச் சோதனை இருக்கிறதாம். "மாமா, சோதினைக்கு வராட்டி பெயில் எல்லோ. ஏன் அங்க நிக்கப் போறன்?" தங்கள் பட்டியலில் இந்த விடைக்கு ஒரு பெட்டி இல்லை.

நிராகரிக்கப்பட்டவர் மேன்முறையீடு செய்யலாம் என்று ஷெங்கன் விசாச் சட்டம் சொல்கிறது. செய்திருக்கிறோம். முகாம் முடிவதற்குள் முடிவு வராது என்று எங்களுக்குத் தெரியும். கட்டிய 90 யூரோவும் திரும்பாது. ஆனாலும் சந்தேகம் எந்த ஆவணத்தைப் பார்த்து வந்தது, எந்தப் பக்கத்தில் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த கோடைக்கும் அவள் விண்ணப்பிக்கப் போகிறாள்.

இப்படிக்கு,
திரும்பிப் போகாமல் சில்க்போர்க்கில் வரி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு மாமன்