கிலோ என்ன விலை?

திருமயம் கோட்டையைக் கிழவன் சேதுபதி 1687-இல் கட்டினார் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கெல்லாம் தெரியும். உச்சிப் பாறையில் பீரங்கி ஒன்று இன்னமும் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதன்மேல் கையை ஊன்றிப் படம் எடுத்துக்கொள்வார்கள். இவ்வளவு கனத்தை எப்படி மேலே ஏற்றினார்கள் என்ற கவலை உள்ளூர்க்காரனுக்கு வருவதில்லை. எனக்கு வந்தது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பழைய பேண்ட்சா ஒன்றைக் கொல்லைக் கொட்டகைக்குள் ஏற்ற வேண்டியிருந்தபோது வந்தது. சேதுபதியிடம் படை இருந்தது. என்னிடம் ஒரு செயின் பிளாக், நாலு இரும்புக் குழாய், மச்சான் முறையில் மூன்று பேர். அதில் ஒருவர் யோசனை சொல்ல மட்டுமே வந்திருந்தார்.

மரம் அறுக்கும் மில்லுக்குப் போனவர்கள் பேண்ட்சாவைப் பார்த்திருப்பார்கள். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற ரம்ப நாடா, நடுவில் மரத்தை வைத்துத் தள்ள ஒரு மேஜை. என்னுடையதில் சக்கரம் ஒவ்வொன்றும் 36 அங்குல விட்டம். உடம்பு முழுக்க வார்ப்பிரும்பு. நெற்றியில் புடைத்த எழுத்தில் ‘தாமஸ் ராபின்சன் அண்ட் சன், ராக்டேல்’ என்று வார்த்திருக்கிறார்கள். 1838-இல் தொடங்கிய இங்கிலாந்துக் கம்பெனி. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாக வந்த காலம் ஒன்று உண்டு. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வரத்து நின்றது. அப்புறம் பழைய வீட்டை இடித்து எடுத்த தூணையும் உத்தரத்தையும் அறுத்துக் காலம் தள்ளிய மரவாடிகளில் ஒன்று, காரைக்குடிப் பக்கம் மூடிக் கிடந்தது. அங்கேதான் இவரைப் பார்த்தேன். மூலையில், ஆடு கட்ட வசதியாக நின்றுகொண்டிருந்தார்.

ராக்டேல் என்ற பெயரைக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர்கள் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவார்கள். 1844-இல் நெசவாளர்கள் சிலர் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்து உலகத்துக்கு வழிகாட்டிய ஊர் அது. நம் நாட்டில் அந்தச் சரக்கு 1904-இல் திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் முளைத்து, கடைசியில் நம் தெரு ரேஷன் கடை வரை வந்து சேர்ந்தது. ஒரே ஊர் எனக்குச் சர்க்கரைக்கு வரிசையும் தந்து, துருவேறிய ரம்பமும் தந்திருக்கிறது. துருவை ஊறவைக்க மண்ணெண்ணெய் தேவைப்பட்டபோது அதே ரேஷன் கடைக்குத்தான் போனேன். ‘சிலிண்டர் வச்சிருக்கவுகளுக்கு ஏதுண்ணே மண்ணெண்ணெய்’ என்று திருப்பி அனுப்பினார்கள். ராக்டேல்காரர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இயந்திரம் வந்து இறங்கிய நாளிலிருந்து கொட்டகைக்கு வராத ஆள் இல்லை. வருகிறவர் முதலில் சுற்றி வருவார். பிறகு சக்கரத்தை விரலால் சுண்டுவார். பிறகு கேட்பார்: “கிலோ என்ன விலைக்கு எடுத்தீக?” நான் கிலோக் கணக்கில் வாங்கவில்லை என்று சொன்னால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். பழைய இரும்புக் கடைக்காரர் மட்டும் தொழில் முறையில் பேசினார். “இது பூரா பீடுண்ணே, உடைச்சாத்தான் வண்டியில ஏறும். சம்மட்டிக்கு ரெண்டு ஆளு நானே அனுப்புறேன்” என்றார். வேண்டாம் என்றேன். “அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க” என்று போனவர், போகும்போது என் சைக்கிளையும் ஒரு பார்வை பார்த்தார்.

பிரித்துப் போடுவது எளிது. பிரித்ததைச் சுத்தம் செய்வதில்தான் காலம் போகும். மரத்தூளும் கிரீஸும் பல வருடம் சேர்ந்து உறைந்தால் தார் ரோடு தோற்கும். அடிப்பெட்டியிலிருந்து சுரண்டியதில் பத்துப் பைசா நாணயம், பீடித்துண்டுகள், யாரோ தேடித் தேடி அலுத்திருக்கக்கூடிய ஸ்பேனர் ஒன்று எல்லாம் வந்தன. வண்ணத்தைச் சுரண்டியபோது வேறொரு கணக்கு கிடைத்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை பெயின்ட் அடித்தவர் அதைத் துடைக்காமல் அதன்மேலேயே அடித்திருக்கிறார். பச்சைக்கு அடியில் ஒரு பொட்டு, சாம்பல் நிறத்துக்கு அடியில் ஒரு பொட்டு, கடைசியாகக் கம்பெனிக் கறுப்பின்மேல் மூன்று விரல் திருநீறு. ராக்டேலில் பிறந்த பொருளுக்கு இவ்வளவு பக்தியா என்று நானே இரண்டு நிமிடம் சுரண்டுவதை நிறுத்தினேன்.

துருவுக்கு ஊர் சொன்ன வைத்தியம் ஏராளம். புளி, எலுமிச்சை, பிரேக் ஆயில், சாணிப்பால். புளியில் நியாயம் இருக்கிறது. அதிலுள்ள அமிலம் துருவைத் தின்னும். ஆனால் 36 அங்குலச் சக்கரத்துக்கு எத்தனை தூக்குப் புளி என்று வீட்டில் கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது. சின்னச் சாமான்களுக்கு நான் எடுத்துக்கொண்டது மின்சார வழி. நீல டிரம்மில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் பிளஸ்ஸில் ஒரு வேண்டாத இரும்புத் தகடு, மைனஸில் துருப்பிடித்த சாமான். மாற்றிக் கொடுத்தால் சாமான் கரையும், தகடு பளபளக்கும். குமிழ் குமிழாகப் பொங்கி வருவது ஹைட்ரஜன் என்பதால் டிரம்மைத் திறந்த வெளியில், பீடி பிடிக்கிற மச்சானுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். “என்னங்க, அடுப்பே இல்லாம கொதிக்குது!” என்று அலறிய வீட்டம்மா, அன்றிலிருந்து துணி காயப் போடும் கொடியை வேறு பக்கம் மாற்றிவிட்டாள்.

உடைந்திருந்தது ஒன்றே ஒன்று, ரம்பத்தை இழுத்துப் பிடிக்கிற நெம்புகோல். எங்கள் ஊரில் பெல் நிறுவனத்தின் குழாய் ஆலை இருக்கிறது. மின்நிலையங்களுக்கான குழாய்கள் செய்கிற இடம், 2013-இல் பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தது. அதனால் டீக்கடையில் கை நீட்டினால் ஒரு வெல்டர் கிடைப்பார். அப்படி அகப்பட்ட தம்பி நெம்புகோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வார்ப்பிரும்பைச் சும்மா பற்றவைத்தால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கரி அடுப்பில் சாமானைச் சூடேற்றி, பித்தளைக் கம்பியால் ஒட்டி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டான். மறுநாள் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டான்: “அண்ணே, எக்ஸ்ரே எடுக்கணுமா?” உயர் அழுத்தக் குழாயின் ஒட்டுகளைப் படம் பிடித்துத்தான் அனுப்புவார்களாம். எங்கள் ஒட்டைச் சுத்தியலால் தட்டிக் கேட்டோம். மணிச் சத்தம் வந்தது. எக்ஸ்ரேக்குச் செலவு மிச்சம்.

இனி பேரிங். இந்தக் காலத்து மிஷினில் பேரிங் போனால் கடையில் நம்பர் சொல்லி வாங்கலாம். இவர் காலத்தில் குண்டு கிடையாது. வைட்மெட்டல் என்கிற மெத்தை உலோகத்தை உருக்கி, சுழலும் தண்டைச் சுற்றி ஊற்றிவிடுவார்கள். ஐசக் பாபிட் என்கிற அமெரிக்கர் 1839-இல் உரிமம் வாங்கிய யுக்தி. வெள்ளீயம் பெரும்பங்கு, கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. தண்டைச் சிம்னி விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்க வேண்டும், அப்போதுதான் உலோகம் தண்டில் ஒட்டாது. இடுக்கையெல்லாம் களிமண்ணால் அடைக்க வேண்டும். கூட்டை முன்னமே சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும்; ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். பதம் பார்க்க ஒரு மரச்சிம்பை உள்ளே விட வேண்டும். சிம்பு கருகினால் சரி, தீப்பிடித்தால் சூடு அதிகம்.

கரண்டியில் வெள்ளி மாதிரி தளதளவென்று உருகி நிற்கும் நேரம் பார்த்து அப்பத்தா வந்து சேர்ந்தது. தனியாக வரவில்லை. பரணிலிருந்து பித்தளைத் தவலை, இரண்டு அண்டா, ஒரு சருவச்சட்டி.

“ஈயம் பூசுறவன் இந்தத் தெருப் பக்கம் வந்து எத்தனை வருசமாச்சு. நீ இந்தத் தொழில் பழகிக்கிட்டது நல்லதாப் போச்சுய்யா. நவச்சாரம் வச்சிருக்கியா?”

“அப்பத்தா, இது பாத்திரத்துக்கு ஆகாது. இதுல ஆன்டிமனி கலந்திருக்கு. விஷம்.”

“அப்ப மிஷினுக்கு மட்டும் விஷம் ஆகுமாக்கும்?”

பதில் சொல்ல நேரமில்லை, சிம்பு கருகிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சில் ஊற்றினேன். ஆறியதும் தண்டைச் சுற்றிப் பார்த்தால் லேசாக இறுகல். நீல மை தடவித் தண்டைச் சுழற்றி, மை ஒட்டிய மேட்டையெல்லாம் சுரண்டி, திரும்ப மை தடவி, திரும்பச் சுரண்டி… இந்த வேலையை அருகிலிருந்து பார்த்த அப்பத்தா, “சட்டி சுரண்டுறது எங்களுக்குத் தெரியாத வித்தையா” என்று அரிவாள்மணைப் பக்கம் போனது. பிறகு நான் தனியாக வெள்ளீயம் வாங்கி, நவச்சாரமும் வாங்கி, தவலைக்கும் அண்டாவுக்கும் பூசிக் கொடுத்தேன். தெருவில் இப்போது என் பெயர் அந்த வகையில்தான் பரவியிருக்கிறது.

ரம்ப நாடாவின் கதை தனி. இந்த மாதிரி மிஷினுக்கு 1809-இலேயே லண்டனில் வில்லியம் நியூபெரி உரிமம் வாங்கிவிட்டார். ஆனால் நாடாவின் இரு முனையையும் அறுந்துபோகாமல் ஒட்டத் தெரியாததால் அது நெடுங்காலம் காகிதத்திலேயே கிடந்தது. 1846-இல் ஆன் போலீன் கிரெபேன் என்கிற பிரெஞ்சுப் பெண்மணி ஒட்டும் வழியைக் கண்டுபிடித்தார். பாரிஸ் பெரேன் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. திருமயத்தில் அந்த வழி தெரிந்தவரைத் தேடி நான் போனது நகைக்கடை பத்தரிடம். இருபது அடி ரம்பத்தைப் பார்த்து அவர் அசரவில்லை. முனைகளைச் சாய்வாக ராவி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, வெங்காரம் தூவி, நடுவே வெள்ளிப் பொடி வைத்து ஊதினார். பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “வெள்ளி ரெண்டு கிராம் ஆச்சு தம்பி” என்றார். இந்த மிஷின் விஷயத்தில் என்னிடம் கிராமில் பேசிய ஒரே மனிதர்.

ஓட்டிப் பார்க்கும் நாளில், அந்த மரவாடியில் முன்பு மிஷின் ஓட்டிய பெரியவரை அழைத்து வந்தோம். கையை நீட்டிக் கும்பிட்டார். பத்து விரலும் முழுதாக இருந்தன. மில் வேலைக்காரருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. அவர் சொன்னதையெல்லாம் கேட்டோம். மேல் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, குமிழைத் திருகி, ரம்பம் சக்கரத்தின் நடு மேட்டில் உட்காரும்வரை சாய்வைச் சரி செய்தார். எலுமிச்சம்பழம், சூடம், புதிதாக ஒரு சந்தனப் பொட்டு. இந்த முறை நானும் துடைக்கப்போவதில்லை. ஸ்டார்ட்டரை அமுக்கியதும் உறுமி எழுந்து, பிறகு ஒரு சீரான ரீங்காரத்துக்கு வந்தது. சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று. கணக்குப் போட்டால் ரம்பம் ஓடுகிற வேகம் மணிக்கு 103 கிலோமீட்டர். திருமயத்தைத் தாண்டிப் போகும் ராமேஸ்வரம் பஸ்கூட வேகத்தடைக்கு அஞ்சும், இது அஞ்சாது.

பெரியவர் அஞ்சு ரூபாய் நாணயத்தை மேஜைமேல் விளிம்பில் நிறுத்தினார். மிஷின் ஓடுகிறது, நாணயம் நிற்கிறது. எல்லாரும் கை தட்டினோம். தட்டி முடிப்பதற்குள் நாணயத்தைக் காணோம். மச்சான் மகன் கடைப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தான்.

“அது சரி, இதுல எதைத்தான் அறுக்கப் போறீக?” என்று எல்லாரும் கேட்டார்கள். பதில் கொல்லையிலேயே கிடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டைச் சீமையின் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்டபோது, ஆலங்குடிப் பக்கம் மாமனார் தோட்டத்தில் ஒரு பலாவும் விழுந்தது. அந்தச் சமயத்தில் மரத்தை விறகு விலைக்குக் கேட்கக்கூட ஆள் வரவில்லை. மாமனார் விற்க மனசில்லாமல் எனக்கு ஏற்றி அனுப்பினார். தஞ்சாவூர் வீணை செய்வதெல்லாம் பலாவில்தான். நான் வீணை செய்யப் போவதில்லை. ஒரு ஊஞ்சல் பலகையும் அப்பத்தாவுக்கு ஒரு முக்காலியும் போதும். முதல் பலகை விழுந்தபோது உள்ளே மஞ்சள் நிறம் புது மரம் மாதிரியே இருந்தது.

பலாவை முடிப்பதற்குள் முதல் ஆர்டரும் வந்துவிட்டது. சந்தைப்பேட்டைக் கறிக்கடைக்காரர் தன் தோட்டத்துப் புளியமரத்தின் அடிமரத்தோடு வந்து நின்றார். கறி வெட்டப் புளியங்கட்டையை மிஞ்ச ஒன்றுமில்லை. பர்மாத் தேக்குத் தூணெல்லாம் அறுத்த ராபின்சன், கறிக்கட்டையை முகம் சுளிக்காமல் வட்டமாக அறுத்துக் கொடுத்தார். கூலியாக அரைக் கிலோ நெஞ்செலும்பு வந்தது. என் மனைவி இந்த மிஷினை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தது அன்றைக்குத்தான்.

புது மிஷின் வாங்கியிருக்கலாமே என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் தகர உடம்போடு விற்கிற சின்ன பேண்ட்சா பளபளவென்று இருக்கும். அதன் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தால், சாமான் வருவதில்லை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இதில் எது உடைந்தாலும் திருமயத்துக்குள்ளேயே வெல்டர், லேத்காரர், பத்தர் மூவரில் ஒருவர் செய்து கொடுத்துவிடுவார். அந்த மூவர் இருக்கிறவரை இது ஓடும்.

ஒரு குறை மட்டும் பாக்கி. ரம்பம் விலகாமல் பிடிக்கிற மேல் கைடின் வார்ப்பு கிடைக்கவில்லை. இப்போதைக்குப் புளியங்கட்டையில் ஒன்று செதுக்கி மாட்டியிருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, அறந்தாங்கி வட்டாரத்தில் மூடிய மரவாடி எதிலாவது ராபின்சன் 36 அங்குல பேண்ட்சாவின் மேல் கைடு கிடந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். பழைய இரும்புக் கடையில் கிலோவுக்கு என்ன கொடுப்பார்களோ, அதற்கு மேல் இரண்டு ரூபாய் சேர்த்துத் தருகிறேன்.